விகிதமும் நிறையும்

அறம் எல்லோருக்கும் ஒன்றே என்று எல்லாச் சமயங்களும் உரைக்கின்றன. ஆயினும் அந்த ஒரே அறம் செல்வனிடத்தில் ஒரு தொகையையும் வறியவனிடத்தில் வேறொரு தொகையையும், திடகாத்திரனிடத்தில் ஒரு விரதத்தையும் நோயாளியிடத்தில் வேறொரு விரதத்தையும் எதிர்பார்ப்பதை நாம் நித்தமும் காண்கிறோம். விதி ஒன்றாயின் அதன் அளவு எங்ஙனம் பலவாகும்? அளவு பலவாயின் விதியை எங்ஙனம் ஒன்றென்று சொல்வது? இந்த வினாவைத் தத்துவ நூல்களில் தேடிச் செல்வோர் பலர். தராசின் முன் நின்று மண்ணையும் கல்மாவையும் நிறுக்கின்ற தொழிலாளி தன் வேலையின் ஒவ்வொரு நாளிலும் இதற்கு விடை சொல்லிக்கொண்டிருக்கிறான் என்பதே இக்கட்டுரையில் நான் நிலைநாட்ட விரும்புவது.

மணிமுத்தாற்றங்கரையில் பழமலைநாதர் எழுந்தருளியிருக்கும் விருத்தாசலம், திருமுதுகுன்றம் என்ற பெயரால் தேவார மூவராலும் பாடப்பெற்ற திருத்தலம். அதே ஊர் நம் காலத்தில் பீங்கான் நகரம் என்றும் பெயர் பெற்றிருக்கிறது. அண்மையிலுள்ள நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே படிந்து கிடக்கும் வெண்களிமண்ணும், பீங்கான் தொழில்நுட்பத்தைக் கற்பிக்கும் அரசுப் பயிலகமும், அதன் அருகே வளர்ந்த தொழிற்பேட்டையும் ஒன்று சேர்ந்து, கோப்பைகளும் ஜாடிகளும் பொம்மைகளும் மின்கம்பிகளுக்கான பீங்கான் சாதனங்களும் உருவாகும் இடமாக இவ்வூரை ஆக்கின. இத்தொழிலில் சூளைக்குத் தீ மூட்டுவதற்கு வெகு முன்னரே, சக்கரத்தையோ அச்சையோ தொடுவதற்கும் முன்னரே, ஒரு துண்டுக் காகிதம் வந்து நிற்கிறது. அதில் பொருள்களின் பெயர்களும், பெயர்களுக்கு எதிரே எண்களும் இருக்கும். அவ்வெண்களைக் கூட்டினால் நூறு வரும்.

கிளேஸ் என்று பட்டறையில் வழங்கும் மெருகுப் பூச்சுக்கு ஓர் உதாரணம் காட்டுகிறேன். ஆங்கிலேயக் குயவர் பெர்னார்டு லீச்சின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவதும், நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று என்ற எண்களாலேயே குயவர்களிடையே அறியப்படுவதுமான கலவை அது: பெல்ஸ்பார் 40, குவார்ட்ஸ் 30, கால்சியம் கார்பனேட் 20, சீனக் களிமண் 10. இக்கலவை ஏறக்குறைய 1250 டிகிரி வெப்பத்தில் உருகிக் கண்ணாடியாகப் படியும். இந்த நான்கு எண்களும் விருத்தாசலத்திலும் மெய், இங்கிலாந்திலும் மெய், ஒரு கைப்பிடிக் கலவைக்கும் மெய், ஒரு வண்டிக் கலவைக்கும் மெய். ஆனால் இவ்வெண்களைக் கொண்டு ஒரு கோப்பைக்கும் மெருகு பூச இயலாது. நாற்பது சதவிகிதத்தை ஒருவன் கையில் அள்ள முடியுமா? முப்பது சதவிகிதத்தைத் தராசுத் தட்டில் இறக்க முடியுமா? விகிதம் என்பது பொருள்களுக்கு இடையேயுள்ள உறவு மாத்திரம். உறவுக்கு எடை இல்லை. அது உலகில் இறங்கி வந்து பயன் தர வேண்டுமானால், யாரேனும் ஒருவர் ‘எனக்கு இத்தனை வேண்டும்’ என்று ஒரு முழுத்தொகையைச் சொல்லியாக வேண்டும்.

எட்டுக் கிலோ வேண்டும் என்று சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் எளிது. 8000 கிராமை நூறால் வகுக்க, ஒரு பங்குக்கு 80 கிராம் வருகிறது. பிறகு பெல்ஸ்பார் 3200, குவார்ட்ஸ் 2400, கால்சியம் கார்பனேட் 1600, சீனக் களிமண் 800 கிராம். வீட்டிலேயே தோலுக்கான லோஷன் தயாரிக்கும் பெண்கள் இன்று எண்ணெய் இத்தனை சதவிகிதம், நீர் இத்தனை சதவிகிதம் என்ற குறிப்பிலிருந்து 200 கிராமுக்குக் கணக்கிடுவதும் இதே வழியில்தான். ஆயுர்வேத வைத்தியர் தைலம் காய்ச்சும்போது, கல்கம் ஒரு பங்கு, எண்ணெய் நான்கு பங்கு, திரவம் பதினாறு பங்கு என்ற பொதுவிதியிலிருந்து தம் சட்டியின் அளவுக்கு இறங்கி வருவதும் இதே வழியில்தான். இந்த எளிய கணக்கில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முழுத்தொகை சூத்திரத்துக்குள் இல்லை. சூத்திரத்தை எத்தனை முறை வாசித்தாலும் அதற்குள்ளிருந்து எட்டுக் கிலோ என்ற செய்தி வெளிப்படாது. அதைச் செய்பவன்தான், தன் தேவையையும் தன் பாத்திரத்தின் கொள்ளளவையும் அறிந்து, வெளியிலிருந்து கொண்டுவந்து சேர்க்கிறான். நூல் விகிதத்தைத் தருகிறது. முழுமையை அவனவன் வாழ்வு தருகிறது. அறத்தின் அளவு ஆளுக்கு ஆள் வேறுபடுவதற்குக் காரணம் விதியின் சஞ்சலம் அன்று, முழுத்தொகைகளின் வேற்றுமையே என்பது இங்கேயே தெளிவாகத் தொடங்குகிறது.

எண் மாத்திரம் போதாது, அலகும் வேண்டும் என்பதை நம் புராணங்கள் ஆழமாக அறிந்திருந்தன. வாமனன் மாவலியிடம் கேட்டது மூன்றடி மண். அந்த எண்ணில் ஒளிவு ஏதும் இல்லை. மூன்று என்பது மூன்றுதான். அந்த அடி யாருடைய அடி, அது எவ்வளவு நீளம் என்பதில்தான் மூவுலகும் அடங்கியிருந்தது. தானம் கொடுக்க நீர் வார்க்கப் போகும் மாவலியைச் சுக்கிராசாரியார் தடுக்கிறார். செல்வத்தை ஐந்து கூறாக்கி அறம், புகழ், மேலும் பொருளீட்டல், இன்பம், சுற்றம் ஆகிய ஐந்துக்கும் பங்கிடுகிறவனே இம்மையிலும் மறுமையிலும் மகிழ்வான் என்று அவர் அங்கே உபதேசிப்பதாகப் பாகவதம் கூறுகிறது. குரு சொன்னது நல்ல விகிதம். ஆனால் தன் எதிரில் நிற்பவன் யார் என்று அறிந்த கணத்திலே, மாவலி தன் முழுமையையே கொடுத்துவிடுகிறான். விகிதத்தை விதித்தவர் ஆசாரியர். முழுமையை அறிந்தவன் சீடன். அந்தக் கணத்தில் சீடனே உயர்ந்து நின்றான்.

இனி விருத்தாசலத்துக்கே உரிய ஒரு வரலாற்றுக்கு வருகிறேன். சுந்தரமூர்த்தி நாயனார் திருமுதுகுன்றத்தில் பாடிப் பன்னீராயிரம் பொன் பெற்றதையும், இறைவன் ஆணைப்படி அதை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்ததையும் சேக்கிழார் விரிவாகப் பாடியிருக்கிறார். ஆற்றில் இட்டுக் குளத்தில் தேடிய அந்த அற்புதத்தைத் தமிழ்நாட்டில் அறியாதார் இல்லை. அதே வரலாற்றில் பலர் கவனியாது கடந்துவிடும் ஒரு செயல் உண்டு. பொன்னை ஆற்றில் இடுவதற்கு முன் சுந்தரர் அதிலிருந்து ஒரு சிறு துண்டை மச்சமாக வெட்டித் தம்மிடம் வைத்துக்கொள்கிறார். குளத்தில் பொன் கிடைத்தபின் அந்த மச்சத்தோடு உரைத்துப் பார்க்கிறார். மாற்றுக் குறைந்திருக்கிறது. மீண்டும் பாடுகிறார், மாற்று மச்சத்துக்கு நிகராகிறது. மாற்று உரைத்துக் காட்டியவர் விநாயகர் என்ற ஐதிகத்தால், மாற்றுரைத்த விநாயகர் என்ற திருநாமத்தோடு அவர் இன்றும் திருவாரூரில் வழிபடப்படுகிறார்.

பன்னீராயிரம் என்பது தொகை. மாற்று என்பது விகிதம். பொன்னில் எத்தனை பங்கு பசும்பொன், எத்தனை பங்கு கலப்பு என்ற உறவைத்தான் மாற்று சொல்கிறது. தொகை நிறைவாகக் கைக்கு வந்த பின்னரும் விகிதம் சரியாக இருக்கிறதா என்று சுந்தரர் பார்த்தார். இறைவனிடம் தோழமை பூண்டவர், இறைவனே கொடுத்த பொன்னை உரைகல்லில் இட்டது ஐயத்தினால் அன்று. அருளால் கிடைத்ததாயினும் பொருள் பொருளே. பொருளுக்குரிய சோதனைகளை அதற்குச் செய்வதே அதைக் கொடுத்தவருக்குச் செய்யும் மரியாதை. பக்தி என்றால் கணக்குப் பாராமை என்று நினைப்போருக்கு, பக்தர்களுள் மிக உரிமை பெற்றவரான ஒருவர் மச்சம் வெட்டிக் கையில் வைத்துக்கொண்ட இந்த நிகழ்ச்சியைக் காட்டிலும் சிறந்த மறுமொழி கிடையாது. தொகையை மாத்திரம் எண்ணி விகிதத்தை விட்டவன் மாற்றுக் குறைந்த பொன்னோடு வீடு திரும்புவான். விகிதத்தை மாத்திரம் போற்றித் தொகையை விட்டவன் கையில் எஞ்சுவது அந்த மச்சம் ஒன்றுதான்.

இதே தலத்தின் புராணத்தில் இன்னொரு செய்தி உண்டு. விபசித்து முனிவர் ஆலயத் திருப்பணி செய்த காலத்தில், வேலை செய்தவர்களுக்குக் கூலியாகத் தலமரமான வன்னியின் இலைகளைக் கொடுத்தாராம். அவ்விலைகள் அவரவர் உழைப்புக்குத் தக்கபடி பொற்காசுகளாக மாறினவாம். கொடுக்கப்பட்டது எல்லோருக்கும் ஒரே மரத்தின் இலை. கிடைத்ததோ அவரவர் உழைப்பால் பெருக்கப்பட்ட பொன். விதி ஒன்றாக இருந்தே அளவு பலவாவதை இதைவிடச் சுருக்கமாக ஒரு கதையில் சொல்லிவிட முடியாது. அங்கே பெருக்கல் கணக்கை இறைவனே செய்தான். அந்த வன்னியின் கீழ் நிற்கும் பாக்கியம் நமக்குக் கிடைக்கும் வரையில், அக்கணக்கை நாமேதான் செய்தாக வேண்டும்.

ஈகையைப் பற்றிய உபதேசங்களை எடுத்துக்கொள்வோம். யுதிஷ்டிரருடைய அசுவமேத வேள்வியின் முடிவில், பாதி உடல் பொன்னான ஒரு கீரி வந்து, பஞ்ச காலத்தில் ஓர் ஏழை அந்தணக் குடும்பம் தன்னிடமிருந்த ஒரு பிரஸ்தம் என்னும் சிறு அளவு மாவு முழுவதையும் விருந்தினனுக்கு ஈந்ததற்கு இம்மாபெரும் வேள்வி ஈடாகாது என்று சொல்லிச் சபையைத் திகைக்கச் செய்ததாக மகாபாரதம் கூறுகிறது. எருசலேம் ஆலயத்தில் செல்வர்கள் காணிக்கைப் பெட்டியில் மிகுதியாகப் போட, ஓர் ஏழைக் கைம்பெண் இரண்டு சிறு காசுகளைப் போட்டாள். அவளே எல்லோரையும்விட அதிகம் போட்டாள் என்று இயேசு சொன்னார். கொடையின் மதிப்பு தொகையில் இல்லை, கொடுப்பவனுடைய முழுமைக்கும் கொடைக்கும் உள்ள விகிதத்தில் இருக்கிறது என்பதே இவ்விரண்டு வரலாறுகளும் ஒருமித்துப் போதிப்பது. இதை மறுப்பார் இல்லை.

ஆனால் இவ்வுண்மையின் மறுபாதியையும் நாம் பார்க்க வேண்டும். கொடுப்பவனுடைய இதயத்தை அளப்பது விகிதம். பெறுபவனுடைய பசியை ஆற்றுவதோ நிறை. பட்டினியாய்க் கிடக்கும் ஒரு குழந்தைக்குத் தன் வயிறு நிறைய எத்தனை பிடி சோறு கிடைத்தது என்பதுதான் கணக்கு; அது கொடுத்தவனுடைய செல்வத்தில் எத்தனை பங்கு என்பது அக்குழந்தைக்கு ஒரு பொருட்டன்று. ஆகவே பெருஞ்செல்வன் ஒருவன், ஏழையின் இரு காசு தன் ஆயிரத்தைவிட உயர்ந்தது என்று கேட்டு, அந்த ஆயிரத்தையும் கொடாமல் மனத்தளவில் உருகி நிற்பானாயின், அவன் அவ்வுபதேசத்தைத் தலைகீழாகப் புரிந்துகொண்டவன் ஆவான். இஸ்லாம் விதித்த ஜகாத்தில் இவ்விரண்டுமே பேணப்பட்டிருப்பது என் மனத்தை எப்போதும் கவர்வது. நாற்பதில் ஒரு பங்கு, அதாவது நூற்றுக்கு இரண்டரை என்பது விகிதம். ஆனால் நிசாப் என்னும் ஒரு குறைந்தபட்ச நிறையை, தங்கத்தில் ஏறத்தாழ 85 கிராம் என்று கணிக்கப்படுவதை, எட்டாதவனிடத்தில் அந்த விகிதம் கேட்கப்படுவதே இல்லை. எட்டியவனும் அச்செல்வத்தை ஓர் ஆண்டு வைத்திருந்த பின்னரே கொடுக்கக் கடமைப்படுகிறான். முதலில் முழுத்தொகையைப் பார், பிறகு விகிதத்தால் பெருக்கு, பிறகு அந்த நிறையை ஏழையின் கையில் சேர் என்ற ஒழுங்கு அதில் அமைந்திருக்கிறது.

இங்கே பட்டறையின் இன்னொரு நுணுக்கம் துணைக்கு வருகிறது. மேற்சொன்ன மெருகுக்கு நிறம் வேண்டுமானால் கோபால்ட் ஆக்சைடு 1, இரும்பு ஆக்சைடு 2 என்று நூற்றுக்கு மேல் சேர்ப்பார்கள். அப்போது கூட்டுத்தொகை 103 ஆகிறது. சரியாக எட்டுக் கிலோ வேண்டுபவன் 8000 கிராமை நூறால் வகுக்கக் கூடாது. 103 ஆல் வகுத்து ஒரு பங்குக்கு 77.67 கிராம் என்று கொள்ள வேண்டும். நூறால் வகுத்தாலும் உறவு கெடாது, 240 கிராம் கூடுதலாக வரும், அவ்வளவே. ஆனால் கூட்டுத்தொகை நூறாகவே இருக்க வேண்டும் என்ற பிடிவாதத்தால், நிறத்துக்கு இடம் தேடிப் பெல்ஸ்பாரிலிருந்து மூன்று பங்கைக் குறைத்துவிட்டால் மெருகின் ஸ்வபாவமே மாறிவிடும். உருக வேண்டிய வெப்பத்தில் அது செவ்வையாக உருகாமலும் போகலாம். கடமைக்கு மேல் செய்யும் புண்ணியம் கடமையைக் குறைத்துச் செய்யப்படலாகாது என்பதே இதன் தாத்பரியம். வேலையாட்களின் கூலியில் பிடித்து வைத்து அன்னதானம் செய்கிறவனும், பெற்றோருக்குச் செய்ய வேண்டியதை நிறுத்தித் தீர்த்த யாத்திரை போகிறவனும் அடிப்பொருளைக் குறைத்து நிறத்தைக் கூட்டுகிறார்கள். நிறம் வரும், அது தாங்கி நிற்கும் தளம் இராது.

ஒருவனுக்குரிய அளவு பொதுச் சராசரியால் கிடைப்பதன்று என்பதை அரிஸ்டாட்டில் ஓர் உணவு உதாரணத்தால் விளக்கினார். பத்து மினா (பழைய கிரேக்க எடை அளவு) உணவு மிகுதி, இரண்டு குறைவு என்பதால், நடுவிலுள்ள ஆறுதான் எல்லோருக்கும் ஏற்றதென்று பயிற்சியாளன் விதிக்க மாட்டான். மல்லன் மைலோவுக்கு ஆறு போதாது, பயிற்சியைப் புதிதாகத் தொடங்கியவனுக்கு ஆறு மிகுதி என்றார். நம் சைவ சித்தாந்தம் இதையே இன்னும் உயர்ந்த விஷயத்தில் வைத்துப் பேசுகிறது. இறைவனது அருட்சக்தி ஒன்றே. அதில் ஓரவஞ்சனை இல்லை. ஆயினும் உயிர்களின் மலபரிபாகத்துக்கு, அதாவது அவற்றைப் பிணித்த மலம் பக்குவப்பட்ட நிலைக்கு ஏற்ப அது மந்ததரம், மந்தம், தீவிரம், தீவிரதரம் என நால்வகையாகப் பதிகிறது. அதற்கேற்பச் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்ற நெறிகள் அமைகின்றன. கோயில் முற்றத்தைப் பெருக்குபவனும் சிவஞானத்தில் நிலைபெற்றவனும் ஒரே அருளைப் பெறுகிறார்கள். அவர்களுக்கு விதிக்கப்பட்ட செயல்கள் வேறு, அச்செயல்களின் பின்னே நிற்கும் விதி வேறன்று. ஆகையால் சரியையில் நிற்பவன் ஞானியின் செயலைப் பார்த்து ஏங்குவதும், ஞானி சரியையில் நிற்பவனை இகழ்வதும், இரண்டு கலவைகளின் எடைகளை ஒப்பிட்டு அவற்றின் விகிதங்களை மறந்த பிழையே ஆகும்.

இவ்வளவும் ஒப்புக்கொண்டால், மனிதன் முதலில் அறிய வேண்டியது தன் முழுத்தொகையை என்பது தானே விளங்கும். அங்கேதான் பெருந்தடை இருக்கிறது. களிமண்ணை நிறுக்கிறவன் தட்டில் காண்பது களிமண்ணின் எடை மாத்திரம் அன்று. அதில் ஈரமும் சேர்ந்திருக்கிறது. உலர்ந்த களிமண் பத்துக் கிலோ வேண்டும், கையிலிருக்கும் மண்ணில் நூற்றுக்கு இருபது ஈரம் என்றால் எத்தனை கிலோ நிறுக்க வேண்டும்? பத்தோடு இருபது சதவிகிதம் கூட்டிப் பன்னிரண்டு கிலோ என்று பயிற்சியில்லாதவன் சொல்வான். பன்னிரண்டு கிலோவில் ஈரம் 2.4 கிலோ, மண் 9.6 கிலோதான், 400 கிராம் குறைந்துவிட்டது. பத்தை 0.8 ஆல் வகுத்து 12.5 கிலோ நிறுக்க வேண்டும். இக்கணக்கின் நுட்பம், ஈரம் என்பது உலர்ந்த மண்ணின் பங்காக அல்லாமல், நாம் தட்டில் காணும் மொத்தத்தின் பங்காகச் சொல்லப்பட்டிருக்கிறது என்பதை அறிவதில் இருக்கிறது.

தன்னை மதிப்பிடும் மனிதனுக்கும் இதே நிலைமைதான். பதவியும் புகழும் பிறர் சொல்லும் உபசார மொழிகளும் அவன் எடையோடு சேர்ந்தே தட்டில் ஏறியிருக்கின்றன. அந்த ஈரத்தோடு சேர்த்துத் தன்னைப் பத்துக் கிலோவாக எண்ணுகிறவன், தன்னால் செய்ய இயலாத விரதங்களை ஏற்றுக்கொண்டு பாதியில் விடுகிறான். தன்னை அளவுக்கு மேல் தாழ்த்திக்கொள்கிறவனோ, பணிவு என்ற பெயரால் தன் கடமையின் பெரும்பகுதியிலிருந்து தப்பித்துக்கொள்கிறான். இதுவும் பொய்த் தராசே. எத்தனை திறமை எனக்கு உண்மையில் இருக்கிறது, எத்தனை பொழுது எனக்கு மெய்யாகவே ஓய்வு, எத்தனை செல்வம் கடன் நீங்கலாக என்னுடையது என்று உலர்ந்த எடையைக் காண்பதற்குத்தான் ஆத்ம பரிசோதனை வேண்டியிருக்கிறது. நூல்கள் விதித்த விகிதத்தை நன்கறிந்த பண்டிதரும் இந்த ஓர் எண்ணில் தவறினால், அவருடைய விடை முழுவதும் தவறிவிடும்.

சிறியவற்றைப் பற்றியும் ஒரு சொல் சொல்ல வேண்டும். கலவையில் கால் சதவிகிதமே இருந்தாலும் கோபால்ட்தான் அந்தப் பாத்திரம் முழுவதன் நிறத்தையும் தீர்மானிக்கிறது. நூறு கிராம் சோதனைக் கலவை செய்கிறவனுக்கு அது 0.25 கிராம். ஒரு கிராமுக்குக் குறைந்ததைக் காட்டாத தராசில் அதை நிறுக்க முற்படுவது வீண்முயற்சி. வீட்டில் 200 கிராம் லோஷன் செய்கிறவளுக்கும், அது கெடாமல் காக்கும் மருந்து நூற்றுக்கு ஒன்று என்றால் 2 கிராம்தான் வேண்டும். அத்தகைய தராசில் அரைக் கிராம் பிசகினாலும் கால் பங்கு பிசகியதாகும். பெரும்பகுதியான நீரில் அரைக் கிராம் கூடினாலும் குறைந்தாலும் ஒன்றும் நேராது. ஒரே அரைக் கிராம் ஓரிடத்தில் அற்பம், ஓரிடத்தில் ஆபத்து. வாழ்க்கையின் பெரும்பகுதியை நிரப்புபவை உணவு, உறக்கம், தொழில், பேச்சு. இவற்றில் சிறு பிசகு பெரிதும் தெரிவதில்லை. வாய்மை, நன்றி, பிரார்த்தனை போன்றவை காலக்கணக்கில் மிகச் சிறியன. ஒருவன் நாளில் சில நிமிஷங்களே அவற்றுக்குச் செல்கின்றன. ஆனால் முழு வாழ்வின் நிறமும் அது கெடாதிருப்பதும் அவற்றைச் சார்ந்தவை. ஆகவே அச்சிறு பங்குகளுக்குக் கரடுமுரடான தராசு ஆகாது. நுண்ணிய கவனம் வேண்டும். தேக்கரண்டியால் உத்தேசமாக அள்ளிப் போடுவதை நல்ல தொழிலாளி ஒப்புவதில்லை. மாவு அமுங்கியிருந்தால் ஓர் எடை, தளர்ந்திருந்தால் வேறோர் எடை என்பதை அவன் அறிவான்.

நிறுத்துக் கலந்த விகிதம் முடிவில் நிலைக்கும் விகிதமும் அன்று. சூளையில் ஏறிய கால்சியம் கார்பனேட்டில் நூற்றுக்கு 44 பங்கு கரியமில வாயுவாக வெளியேறிவிடும். சீனக் களிமண்ணில் ஏறத்தாழ 14 பங்கு நீராவியாகப் போய்விடும். நம் எட்டுக் கிலோவில் 704 கிராமும் 112 கிராமும் ஆக 816 கிராம் தீயில் மறைய, 7184 கிராம் எஞ்சுகிறது. எஞ்சியதில் பெல்ஸ்பாரின் பங்கு 40 அன்று, 44.5. சூளைக்குப் பின் எது நிற்கும் என்பதை முன்பே கணக்கிட்டுத்தான் அறிந்த குயவன் எதை எத்தனை நிறுப்பது என்று தீர்மானிக்கிறான். ஜெர்மனியில் ஹெர்மன் சேகர் என்ற விஞ்ஞானி பத்தொன்பதாம் நூற்றாண்டில் மெருகுகளை, தீயில் எஞ்சும் ஆக்சைடுகளின் உறவாக எழுதிக் காட்டியதன் பெருமை இதுவே. நாம் செய்யும் நற்செயல்களிலும் தீயில் போகும் பகுதி ஒன்று உண்டு. பிறர் பாராட்டுக்காகச் செய்தது, பயனை எதிர்நோக்கிச் செய்தது, அச்சத்தால் செய்தது ஆகியவை காலமும் துன்பமும் சுடும்போது ஆவியாகின்றன. அவற்றை அறவே விலக்கிவிட்டுத் தொடங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கார்பனேட் இல்லாமல் சுண்ணத்தை அந்தக் கலவைக்கு எளிதில் கொண்டுவர முடியாதது போல, மானிட மனம் அந்தத் துணைகளோடுதான் அறத்துக்குள் நுழைகிறது. எஞ்சப்போவது எவ்வளவு என்று அறிந்து, அதற்கு வேண்டிய அளவு முன்கூட்டியே இடுவதுதான் விவேகம்.

பெருக்கல் ஒன்றினாலேயே எல்லாம் கைகூடிவிடும் என்றும் எண்ணலாகாது. கலவை பெருகும், ஆனால் சிறு கோப்பையை உலர்த்திய வேகத்தில் கனத்த ஜாடியை உலர்த்தினால் அது வெடிக்கும். ஓர் உருவம் பெரிதாகும்போது அதன் பரப்பு ஒரு வீதத்திலும் கன அளவு வேறொரு வீதத்திலும் வளர்வதால், பெரியது சிறியதன் பெருக்கம் மாத்திரம் அன்று என்பதைக் கலிலியோ 1638இல் வெளிவந்த தம் நூலில் எலும்புகளை உதாரணமாகக் கொண்டு காட்டினார். ஒரு குடும்பத்தில் நன்மை விளைத்த கட்டுப்பாட்டை ஒரு தேசத்துக்கும், ஒரு மடத்தில் பொருந்திய நியமத்தை ஓர் ஊருக்கும் அப்படியே பெருக்கிக் கொண்டு போவோர் இந்த இடத்தில் நின்று ஆலோசிக்க வேண்டும். பொருள்களின் உறவு மாறாது; அவற்றைப் பக்குவம் செய்யும் காலமும் பொறுமையும் அளவுக்கு ஏற்ப மாறும்.

நிறுத்தல் என்னும் செயலை நம் முன்னோர் வெறும் வாணிகக் காரியமாகக் கருதவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராஜராஜன் அளித்த பொன்னை நிறுத்த கல்லுக்கு ஆடவல்லான் என்றும், அணிகலன்களை நிறுத்த கல்லுக்குத் தட்சிணமேருவிடங்கன் என்றும் பெயர் இருந்ததை அக்கோயிற் கல்வெட்டுகள் தெரிவிக்கின்றன. கூத்தப்பெருமானின் திருநாமத்தை எடைக்கல்லுக்கு இட்ட அந்த மனத்தை நான் பெரிதும் போற்றுகிறேன். அரசன் கொடுத்தான் என்று பொதுவாக எழுதிவிடாமல், ஒவ்வொரு பொருளும் எத்தனை கழஞ்சு, எத்தனை மஞ்சாடி, எத்தனை குன்றி என்று நுணுக்கமாக நிறுத்துக் கல்லில் வெட்டியவர்கள், பக்தி நிறையாக மாறி நிற்க வேண்டிய இடத்தை நன்கு அறிந்திருந்தார்கள்.

ஆதலின் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு என் விடை இதுவே. விதி ஒன்றாகவும் அளவு பலவாகவும் இருப்பதில் முரண் ஏதும் இல்லை. அளவு பலவானாலன்றி விதி ஒன்றாக இருக்க முடியாது. எல்லோரிடமும் ஒரே தொகையைக் கேட்கும் சட்டம் ஒவ்வொருவரிடமும் வெவ்வேறு விகிதத்தைக் கேட்கிறது. அதுவே உண்மையான அநீதி. ஆனால் விகிதத்தை அறிந்திருப்பது மாத்திரம் அறம் ஆகிவிடாது. தன் சமயமும் தன் ஆசிரியரும் தனக்குச் சொன்ன விகிதத்தை, இன்றைக்குத் தனக்கு உண்மையில் உள்ள பொருளோடும் பொழுதோடும் உடல்வலிமையோடும் ஒருவன் பெருக்கிப் பார்க்க வேண்டும். ஈரத்தைக் கழித்து, சிறு பங்குகளை நுட்பமாக நிறுத்து, தீயில் போகப் போவதற்கு ஈடு வைத்து, கிடைத்த அந்தத் தொகையை அயலான் செலுத்தும் தொகையோடு ஒப்பிடாமல் அவன் செலுத்த வேண்டும். அப்படிச் செலுத்துகிறவன் இரு காசு கொடுத்தாலும் இரு கோடி கொடுத்தாலும் தன் கடனைத் தீர்த்தவன். அந்தக் கணக்கைப் போடாமல் அறத்தை வியந்துகொண்டே இருப்பவன், எவ்வளவு கற்றவனாயினும் இன்னும் தொடங்காதவனே.